கதவோரம் நின்று காத்த குழாய்கள்

டாமரேக் ஏரி முகாம்,
இடம் எண் ஏழு,
ஞாயிறு காலை.

அன்பும் மரியாதையும் மிக்க ரக்னா அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் மாரித் எழுதிக்கொள்வது. நான் நலம். அரிசோனா வெயிலும் உங்கள் முழங்காலும் ஒன்றோடொன்று நல்லபடியாகப் பழகி வருகின்றன என்று நம்புகிறேன். என் நலத்தைப் பற்றி இதற்குமேல் எழுதினால் நீங்கள் அந்தப் பத்தியைத் தாண்டிக் குழாய்களைத் தேடுவீர்கள் என்று தெரியும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழாய்களும் நலம். அவை எப்படி நலமாயின என்பதைத்தான் இனி எழுத வேண்டும். அதைச் சுருக்கமாகச் சொல்லும் திறமை எனக்கு இல்லை.

ஜனவரி கடைசி வாரம் முழுக்க படுக்கையும் சமையல் மேடையும் உள்ள உங்கள் டிரெய்லர் வண்டியை ஏரிக்கரையில் நிறுத்தி, அதிலேயே குடியிருந்து, குழாய்களில் தண்ணீர் ஓடவிட்டு, ஒன்றுகூட வெடிக்காமல் காத்தால் டிரெய்லர் எனக்கு என்றீர்கள். ஒன்று வெடித்தாலும் பெரியப்பா மகன் கர்டிஸ் அண்ணனுக்கு. அவன் அதன் தரையில் நான்கு வட்ட ஓட்டை அறுத்து, உறைந்த ஏரியின் நடுவுக்கு இழுத்துப் போய், உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் போடுவான். மின்னஞ்சல் வேண்டாம், போன் வேண்டாம், வாரம் முடிந்ததும் கையால் ஒரு கடிதம் எழுது, கையால் எழுதும்போது பொய் சொல்ல நேரமாகும் என்றும் சொன்னீர்கள். அந்தக் கடிதம் இதுதான். எனக்கு இந்த டிரெய்லர் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். அப்பா வீட்டு நிலவறையில் என் கட்டிலுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான் இருக்கிறது. யாராவது சட்டையில் எதையாவது கொட்டிக்கொண்டால் நான் படிக்கும் பக்கம் அரை மணி நேரம் குலுங்குகிறது. நூலகத்தில் வாரம் மூன்று நாள் வேலை. அங்கே புத்தகங்கள் இருக்கின்றன, ஆனால் ஆட்களும் வருகிறார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு கதவு. உள்ளிருந்து மூடக்கூடிய ஒரே ஒரு கதவு.

திங்கட்கிழமை வந்து சேர்ந்தேன். ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. நீங்கள் வண்டியில் விட்டுச் சென்ற குறிப்பேட்டில் சொன்னபடி, சூடேற்றும் கம்பி சுற்றிய ஹோஸை முகாமின் தண்ணீர்க் குழாயில் பொருத்தினேன். குளிர்காலத்துக்காக நீங்கள் குழாய்களுக்குள் ஊற்றி வைத்திருந்த ரோஸ் நிற உறையாத் திரவத்தை, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிட்டு வெளியேற்றினேன். அதாவது குளிர்ந்த நீர்க் குழாயில் வெளியேற்றினேன். வெந்நீருக்குத் தனிக் குழாய் என்பதும், அதன் வயிற்றிலும் அதே திரவம் இருக்கும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் எட்டாம் இடத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஹால்வர் மாமா, வெர்னாம்மா. பத்தொன்பது குளிர்காலமாக இங்கே மீன் பிடிக்க வருகிறார்களாம். வந்தவர்களுக்குக் காப்பி தராமல் இருக்க முடியுமா? சீக்கிரம் கொதிக்கட்டும் என்று வெந்நீர்க் குழாயிலேயே பிடித்துக் காப்பி போட்டேன்.

"காப்பி சரியா இருக்கா மாமா?" என்றேன்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். "வேற மாதிரி இருக்கும்மா," என்றார்.

நம் பக்கத்தில் அதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் பயணக் களைப்பில் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். அதன் பிறகுதான் என் கோப்பையை எடுத்தேன். நுரை ரோஸ் நிறத்தில் இருந்தது.

"நாங்க ஏதோ புதுசா வந்த சர்க்கரைன்னு நெனச்சோம்," என்றார் வெர்னாம்மா. "இனிப்பாத்தான் இருந்துச்சு."

அந்தத் திரவத்தின் டப்பாவில் இது விஷமல்ல என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை மூன்று முறை படித்தேன். இருந்தாலும் மறுநாள் காலை அவர்கள் டிரெய்லரிலிருந்து புகை வருகிறதா என்று பார்த்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

டிரெய்லருக்கு அடியில் குளிர்காற்று புகாமல் இருக்கச் சுற்றிலும் வைக்கோல் கட்டு அடுக்கச் சொல்லியிருந்தீர்கள். பக்கத்துப் பண்ணையில் வாங்கிவந்து செவ்வாய்க்கிழமை காலையில் அடுக்கினேன். நன்றாகவே அடுக்கினேன், ஒரு விரல் நுழையாது. வேலை முடிந்த திருப்தியில் உள்ளே போய்ப் படிக்க உட்கார்ந்தேன். பிற்பகலில் தரைக்கு அடியிலிருந்து ஏதோ மெல்லுகிற சத்தம் கேட்டது. குளிரில் குழாய்கள் இப்படித்தான் பேசும் போலிருக்கிறது என்று நினைத்து, 'மூன்று மணி, குழாய்கள் அமைதியாக மெல்லுகின்றன' என்று குறித்தும் வைத்தேன். இருட்டுகிற நேரத்தில் வெளியே வந்தால் கட்டுகளைக் காணவில்லை. கயிறுகள் மட்டும் பனியில் கிடந்தன. நான் வாங்கி வந்தது வைக்கோல் அல்ல, உலர்ந்த புல். இரண்டும் மஞ்சளாக இருக்கின்றன, இரண்டும் குத்துகின்றன, எனக்கு எப்படித் தெரியும்? மான்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏழு மானும்மா," என்றார் ஹால்வர் மாமா. "ஒண்ணு கெழடு. மெதுவாத்தான் தின்னுச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"மூணு மணிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தோம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"நீ படிச்சுக்கிட்டு இருந்த. ஜன்னல்ல தெரிஞ்சுது. தொந்தரவு பண்ண வேணாம்னு வெர்னாதான் சொன்னா."

"அதுங்களும் பசியாத்தானே இருந்துச்சு," என்றார் வெர்னாம்மா.

பிறகு மூன்று பேருமாகப் பனியை வெட்டிச் சுற்றிலும் இடுப்பளவுக்கு அணைகட்டினோம். மான்கள் பனியைத் தின்பதில்லை. இதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

இதுவரை நடந்ததெல்லாம் என்னைப் பாதிக்கவில்லை அத்தை. என்னைப் பாதித்தது அவர்கள் விடைபெறும் விதம். உங்கள் குறிப்பேட்டின் பதினோராம் பக்கத்தில் 'கதவை மூடு' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறீர்கள். நான் மூடத்தான் பார்க்கிறேன். ஹால்வர் மாமா "சரி" என்று சொல்லி இரண்டு முழங்காலையும் தட்டுவார். வெர்னாம்மா "சரி, அப்போ" என்பார். எழுந்திருப்பார்கள். கோட்டு மாட்டுவார்கள். கதவைத் திறப்பார்கள். ஒருவர் படியில், ஒருவர் வாசல் நிலையில். அங்கே நின்றுகொண்டு, உள்ளே ஒரு மணி நேரம் சொல்லாததையெல்லாம் சொல்லத் தொடங்குவார்கள். யாருக்குப் பித்தப்பையில் கல், பனி எத்தனை அங்குலம், சர்ச்சில் பாதிரியார் வாங்கிய கார் ஏன் அந்த நிறம். நாற்பது நிமிடம். சூட்டை அளந்து ஹீட்டரை இயக்கும் தெர்மோஸ்டாட் சுவரில் கதவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கு உடனே குளிரெடுத்து, கேஸ் ஹீட்டர் உறுமத் தொடங்கும். எரியும் கேஸெல்லாம் அவர்கள் தோளுக்கு மேலே ஏறி ஏரிக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டே, ஆமாம், அந்த நிறத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு நாளைக்கு இப்படி மூன்று தடவை. செவ்வாய்க்கிழமை முடிவதற்குள் நான் உலகத்திலேயே அதிகமாக வெறுத்தது அவர்கள் முழங்காலைத் தட்டும் சத்தம்.

ஆகவே புதன்கிழமை ஒரு காரியம் செய்தேன். நூலகத்தில் என் மேசைக்கு அடியில் இருக்கும் சின்னக் கரண்ட் ஹீட்டரைக் கொண்டுவந்திருந்தேன். அதை ஓடவிட்டேன். கதவில் 'உடம்பு சரியில்லை, யாரும் வர வேண்டாம், ஒட்டிக்கொள்ளும்' என்று எழுதி மாட்டினேன். அது பொய். வெர்னாம்மா கறியும் காயும் கலந்து ஒரு ஹாட்டிஷ் சுட்டு, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கி, படியில் வைத்துவிட்டு விடைபெறாமலே போனார். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. ஆனால் சாப்பிட்டேன். உள்ளே எழுபத்தைந்து டிகிரி. காலுறையைக் கழற்றினேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து, உள்ளே வெறுங்கால். இருநூற்றுப் பதினேழு பக்கம் படித்தேன். யாரும் கூப்பிடவில்லை, எதுவும் குலுங்கவில்லை. கேஸ் ஹீட்டர் நாள் முழுக்க ஒரு தடவைகூட உறுமவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல நாள் ஒன்று இருந்ததாக நினைவில்லை.

வியாழன் காலை குழாயைத் திறந்தேன். அது ஒருமுறை இருமிவிட்டு நின்றுவிட்டது.

முகாமை நடத்தும் ஆர்லிஸ் அக்காவைக் கூட்டிவந்தேன். அவர் நம் ஊர்க்காரர் அல்ல, அயோவாவில் பிறந்தவர். அதனால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார். சேதி கேட்டு ஹால்வர் மாமாவும் வெர்னாம்மாவும் வந்து, நான் நோயாளி என்பதால் உள்ளே வராமல் திறந்த கதவருகே நின்றார்கள்.

"கரண்ட் ஹீட்டர் வச்சியா?" என்றார் ஆர்லிஸ் அக்கா.

"ஆமாங்க்கா."

"கேஸ் ஹீட்டர் ஓடிச்சா?"

"ஓடவே இல்ல. ஒரு பொட்டு கேஸ்கூட வீணாக்கல." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"கேஸ் ஹீட்டர் உனக்காக இல்லடி, குழாய்க்காக. அது ஊதுற சூடு தரைக்கு அடியில போய், குழாயெல்லாம் தடவிட்டுத்தான் மேல வருது. அது ஓடலைன்னா நீ மேல வெந்துக்கிட்டு இருப்ப, அது கீழ வெறைச்சுக்கிட்டு இருக்கும்."

"அப்போ செவ்வாக்கிழமை வரைக்கும் எப்படிக்கா உறையல?"

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். கதவில் அவர்கள் இரண்டு பேரும். அதே நேரத்தில் சுவருக்குள் கேஸ் ஹீட்டர் உறுமத் தொடங்கியது.

"இவங்க நின்னு பேசுன பேச்சுலதான்," என்றார்.

"நாங்க ரொம்ப நேரம் நின்னுட்டோமாம்மா?" என்றார் வெர்னாம்மா.

"இல்லவே இல்ல," என்றேன். அதைச் சொன்ன அந்தக் கணத்தில் அது உண்மையாகிவிட்டிருந்தது.

ஹால்வர் மாமா சமையல் மேடைக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்து, வெர்னாம்மாவின் தலைமுடி உலர்த்தும் கருவியால் நான்கு மணி நேரம் குழாய்களுக்கு ஊதினார். வெளியே தெரிந்த அவருடைய காலோடு வெர்னாம்மா பேசிக்கொண்டிருந்தார். மாலை நான்கு மணிக்கு ஒவ்வொரு குழாயாக இருமி, துப்பி, ஓடத் தொடங்கியது. சமையல் மேடை, கைகழுவும் தொட்டி, குளியலறை, கழிப்பறை எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். எங்கும் கசிவு இல்லை. உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். இதை எழுதத் தேவையில்லைதான், ஆனால் கையால் எழுதுகிறேன்.

இனி உறையாமல் இருக்க என்ன வழி? தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்தால் போதுமே என்பீர்கள். அத்தை, அந்த முள்ளை அறுபத்திரண்டில் வைத்துப் பசை போட்டு ஒட்டியிருப்பது நீங்கள்தான். கத்தியால் நெம்பிப் பார்த்தேன், கத்தி வளைந்தது. பனி அணை கட்டியபிறகு டிரெய்லர் சூட்டை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது. அறுபத்திரண்டைத் தொட்டதும் ஹீட்டர் அரை மணி நேரம் தூங்கிவிடுகிறது. வெளியே இருக்கும் குளிருக்கு அந்த அரை மணி நேரம் போதும், கீழே எல்லாம் முடிந்துவிடும். ஆகவே தெர்மோஸ்டாட்டுக்குத்தான் குளிரூட்ட வேண்டும். கதவை வெறுமனே திறந்து வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் பாத்திரம் துடைக்கும் துணி பலகையாகிவிட்டது, ஒரு அணிலும் வந்துவிட்டது. ஒருவரை நிறுத்திப் பார்த்தேன்: அப்போதும் குளிர் அதிகம். மூன்று பேர்: காற்றே வரவில்லை. கதவில் இரண்டு பேர் நின்றால் காற்றுக்கும் சூட்டுக்கும் நடுவே சரியான அளவு கிடைக்கிறது. இதை வியாழன் மாலை முழுக்கச் சோதித்துத்தான் சொல்கிறேன். ஆட்கள் தூங்கும் நேரத்துக்கு ஹால்வர் மாமா தான் பிடித்து உறையவைத்த மீன்களைத் தந்தார். ஒவ்வொன்றாகத் தெர்மோஸ்டாட் மேல் கட்டித் தொங்கவிட வேண்டும். இளகினால் மாற்ற வேண்டும். ஆக, இரவுக்கு மீன், பகலுக்கு மனிதர் என்று ஏற்பாடானது. சுவரில் ஒரு வாடை இருக்கும். மன்னிக்கவும்.

முகாமில் பதினோரு டிரெய்லர்கள். ஆர்லிஸ் அக்கா பொதுக் குளியலறைப் பலகையில் 'ஏழாம் எண்ணில் விடைபெற வேண்டியவர்கள்' என்று தலைப்பிட்டு, இரண்டு இரண்டு பேராகப் பெயர் எழுதிவிட்டார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஜோடி. உட்காராமல் நேரே கதவில் நின்று விடைபெற்றுவிட்டால் இன்னும் சுலபம் அல்லவா என்று நான் கேட்டேன். வெர்னாம்மாவின் முகம் வாடிவிட்டது.

"வராம எப்படிம்மா போறது?"

ஆகவே வந்தார்கள். உட்கார்ந்தார்கள். காப்பி, குக்கி, முழங்கால், கோட்டு, கதவு. ஸ்கோக்லண்ட் சகோதரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒரு படகு மோட்டார் விஷயமாக ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். பலகையில் பெயர் வந்துவிட்டதால் தட்ட முடியாமல் வந்து, நாற்பது நிமிடம் கதவில் அருகருகே வாய் திறக்காமல் நின்றார்கள். நான் முப்பது பக்கம் படித்தேன். எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய முறைதான். கடைசியில் பெரியவர் "சரி" என்றார். சின்னவரும் "சரி" என்றார். ஆர்லிஸ் அக்கா அன்று முழுக்க அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கர்டிஸ் அண்ணன் வந்தான், கையில் சாக்பீஸோடு.

"குழாயெல்லாம் எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லா இருக்குண்ணே."

"ஓ." தரையைப் பார்த்தான். "சும்மா ஒரு அளவு மட்டும் பாத்துக்கறேன்." மண்டியிட்டு நான்கு வட்டம் வரைந்தான். ஒன்று என் கட்டிலுக்கு அடியில் பாதி போயிற்று. "இந்த எடத்துலதான் மீன் நல்லா மாட்டும்."

"அண்ணே, வண்டி தரைமேல நிக்குது."

"ஏரிக்குப் போனா புரியும் ஒனக்கு."

அவன் கெட்டவன் இல்லை என்று உங்களுக்கும் தெரியும். போகும்போது ஒரு ஜோடிக்கு ஆள் குறைந்ததால் தானும் நின்று நாற்பது நிமிடம் விடைபெற்றுவிட்டுத்தான் போனான். தனக்கு எதிராகத் தானே வேலை செய்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் சட்டென்று கிளம்பிப் போவது எப்படி என்று அவனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு. ஹோஸ் மேல் இருந்த பனி கண்ணாடிபோல் உடைந்தது. அந்தக் குளிரில் யாரும் வரமாட்டார்கள், இத்தோடு முடிந்தது, தரையில் வரைந்த வட்டங்களுக்கு இப்போதே பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு முதல் ஜோடி கதவைத் தட்டியது. மாலைவரை இடைவெளியே இல்லை. பேசுவதற்கு விஷயம் தீர்ந்துவிட்டது. பித்தப்பைக் கதை நான்காவது தடவை வந்தது, அதில் கல் பெரிதாகிக்கொண்டே போனது. அதுவும் தீர்ந்ததும் என்னைப் பற்றியே என்னிடம் பேசத் தொடங்கினார்கள்.

"மாரித் நல்ல பொண்ணு," என்றார் ஹால்வர் மாமா படியிலிருந்து. "கொஞ்சம் தனியா இருக்கற சுபாவம்."

வெர்னாம்மாவுக்கு மூன்று நாள் பேச்சில் தொண்டை கட்டிவிட்டிருந்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

"ஆமா மாமா," என்றேன். "அவ அப்படித்தான்."

இன்று காலை எழுந்து குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. எல்லாவற்றையும் திறந்தேன். எல்லாவற்றிலும் வந்தது. ஆகவே உங்கள் குறிப்பேட்டின்மேல் கைவைத்து எழுதுகிறேன்: ஏழு நாள் முடிந்தது, ஒரு குழாயும் வெடிக்கவில்லை, தரையில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. டிரெய்லர் மாரித்துக்கு என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டால் போதும். நீங்கள் நூறாண்டு இருக்க வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டுச் சீட்டாட்டத் தோழிகளுக்கு என் வணக்கம். நீங்கள் வளர்க்கும் கள்ளிச்செடியும் நன்றாக இருக்கட்டும். ஹால்வர் மாமாவும் வெர்னாம்மாவும் உங்களை விசாரித்தார்கள். விசாரித்து முடிக்க நாற்பது நிமிடமாயிற்று.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புக்குரிய,
மாரித்

பின்குறிப்பு: இப்போது ஞாயிறு பிற்பகல். உறையை ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டியபின் மறுபடி கிழித்து இதை எழுதுகிறேன். மதியத்திலிருந்து திடீரென்று வெயில். தண்ணீர் உறையும் முப்பத்திரண்டைத் தாண்டி முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டது, கூரையெல்லாம் சொட்டுகிறது. முகாமே வெளியே வந்து கோட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றது. கர்டிஸ் அண்ணனும் முடிவு தெரிந்துகொள்ள வந்திருந்தான். "ஒண்ணும் வெடிக்கலண்ணே," என்றேன். "ஓ," என்று டிரெய்லரின் வெளிச்சுவரில் சாய்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், பனி அணைக்கு மேலே, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேராக ஒரு சின்ன மூடி இருந்தது. உங்கள் குறிப்பேட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆர்லிஸ் அக்கா பிறகு சொன்னார், கோடையில் ஏரியில் நீந்திவிட்டு வெளியே நின்றபடி குளிப்பதற்கு அதற்குள் ஒரு குழாய் உண்டாம். மற்றவை உறைந்த வியாழக்கிழமையே அந்தக் குழாய் பிளந்துவிட்டது. உள்ளே இருந்த பனிக்கட்டியே அதை அடைத்து வைத்திருந்தது. இன்று வெயிலில் பனிக்கட்டி இளகியது. மூடி தெறித்தது. கர்டிஸ் அண்ணன் தலையிலிருந்து பூட்ஸ்வரை நனைந்தான். ஆர்லிஸ் அக்கா ஓடிப்போய்த் தண்ணீரை நிறுத்தினார்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேற மாதிரி இருக்கு," என்றான்.

ஆக, நான் மேலே எழுதியதெல்லாம் தப்பு. வெடித்தது, அதுவும் மூன்று நாள் முன்பே. இத்தனை பேர் மூன்று நாள் கதவில் நின்று காத்தது ஏற்கெனவே தோற்றுப்போன ஒன்றை. முதல் கடிதத்தை அப்படியே போட்டிருக்கலாம். இங்கே இருப்பவர்கள் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து யாருடைய இறுதிச் சடங்கிலாவது 'அந்த வண்டியில கொஞ்சம் ஈரம் இருந்துச்சு' என்று வந்தால் உண்டு. ஆனால் என்னால் போட முடியவில்லை. பிளந்த குழாயை ஹால்வர் மாமா அறுத்துத் தந்தார், நான்கு அங்குலம். இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். கையை வெட்டிக்கொள்ளாமல் எடுக்கவும்.

நிபந்தனைப்படி டிரெய்லரை அவனுக்குத் தர வேண்டியவள் நான். எல்லோர் முன்னாலும் சொன்னேன். "வண்டி உங்களுக்குத்தாண்ணே."

"சேச்சே," என்றான். "எனக்கெதுக்கு? உனக்கு இருக்கட்டும்."

"இல்லண்ணே, எடுத்துக்கங்க."

"வேணாம்மா. நீதானே பாடுபட்ட."

நம் ஊரில் எதையும் முதல் தடவையும் இரண்டாம் தடவையும் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும், மூன்றாம் தடவைதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. அவனும் தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தயாராகிவிட்டான். முகாம் முழுக்க என்னையே பார்த்தது. பிறந்ததிலிருந்து நான் இந்த ஒரு மரியாதையில் தவறியதே இல்லை அத்தை.

"சரிண்ணே," என்றேன்.

தொண்டை கட்டியிருந்த வெர்னாம்மாவிடமிருந்துகூட ஒரு சத்தம் வந்தது. இனி முடிவு உங்களுடையது. அவனுக்கே என்று எழுதினால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். கர்டிஸ் அண்ணன் இப்போது உள்ளே என் கட்டிலில், மூன்று கம்பளிக்குள், பல் நடுங்க உட்கார்ந்து, நான் இன்னும் ஒரு தடவை கேட்பேன் என்று காத்துக்கொண்டிருக்கிறான். நான் தபால்பெட்டிக்குப் போகிறேன். நடந்தே போகிறேன்.